ஃபார்மில் கட்டம் மறையவில்லை, மறைந்தால் சப்மிட் ஆகவில்லை: ஜேக்வெரி பழுதுகளை அறிகுறி பார்த்து நீக்குவது

கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள சின்ன நிறுவனங்களின் இணையதள ஃபார்ம்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மொத்த வியாபாரக் கடையின் ஆர்டர் ஃபார்ம், தங்கும் விடுதியின் அறைப் பதிவு, கல்லூரி விண்ணப்பம் என்று ஆள் மாறும். பழுது மாறாது. டிராப்டவுனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சில கட்டங்கள் தோன்ற வேண்டும், சில மறைய வேண்டும். அது நடக்கவில்லை, அல்லது நடந்த பிறகு வேறொன்று கெடுகிறது. இந்த ஃபார்ம்களில் காட்டுவதையும் மறைப்பதையும் செய்வது ஜேக்வெரி, அதாவது பக்கத்தின் பகுதிகளைக் கையாள உதவும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு.

இரண்டு ஃபார்ம்களை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒன்று, கடலூர் மொத்தக் கடையின் ஆர்டர் ஃபார்ம். வாங்குபவரின் மாநிலம் தமிழ்நாடு என்றால், மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) கட்டங்கள் வர வேண்டும். புதுச்சேரி என்றால் அவை மறைந்து, மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வர வேண்டும். இன்னொன்று, புதுச்சேரி விடுதியின் பதிவு ஃபார்ம். தங்க வருபவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் பாஸ்போர்ட் கட்டங்கள் திறக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய விவரத்தை விடுதி 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் புதுச்சேரியில் நிறைய. எனவே பெயரையோ பேசும் மொழியையோ பார்த்து இந்தக் கட்டத்தைத் திறக்க முடியாது. குடியுரிமைக் கட்டம் சரியாக வேலை செய்தே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் திறந்து, எஃப்12 அழுத்தி, பிழைச் செய்திகள் வரும், கட்டளைகளைத் தட்டிப் பார்க்கக்கூடிய கன்சோல் பகுதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கன்ட்ரோல்-எஃப்5 ஒருமுறை. நேற்று திருத்திய ஸ்கிரிப்டின் பழைய நகலையே பிரவுசர் இன்னும் பிடித்து வைத்திருக்கலாம்.

## அறிகுறி: தேர்ந்தெடுத்தாலும் எதுவும் நடக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

அதிகம் வரும் அழைப்பு இதுதான். செலக்டர், அதாவது எந்தக் கட்டம் என்று ஸ்கிரிப்டில் அடையாளம் காட்டும் குறிப்பு, எதையும் பிடிக்காவிட்டால் ஜேக்வெரி புகார் சொல்லாது. காலித் தொகுப்பின் மேல், மறைக்கும் கட்டளையான ஹைட் போட்டால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஆகவே முதல் சோதனை எப்போதும் எண்ணிக்கை. ஸ்கிரிப்டில் இருக்கும் செலக்டரை அப்படியே நகலெடுத்துக் கன்சோலில் ஒட்டி, கடைசியில் எண்ணிக்கையைத் தரும் லெங்த் சேர்த்துக் கேளுங்கள்.

### எண்ணிக்கை 0 என்று வந்தால்

முதலில் எழுத்துப் பிழை. ஐடிக்கு (ஒரே ஒரு கட்டத்துக்கு உரிய அடையாளம்) முன்னால் # இருக்கிறதா, கிளாஸுக்கு (பல கட்டங்களுக்குப் பொதுவான அடையாளம்) முன்னால் புள்ளி இருக்கிறதா? ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இங்கே வேறு வேறு. ஃபார்மை வடிவமைத்தவர் ஒருவர், ஸ்கிரிப்ட் எழுதியவர் இன்னொருவர் என்றால் பாதி இடங்களில் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, நேம் வழியாகப் பிடிக்கும் கட்டங்கள். பிஎச்பி ஃபார்ம்களில் ஒரே பெயரில் பல கட்டங்கள் இருந்தால் பெயரின் கடைசியில் [] வரும். அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் செலக்டரில் எழுதினால் பிழை வரும், இல்லாவிட்டால் எதுவும் கிடைக்காது. மேற்கோள் குறிக்குள் வையுங்கள். ஐடியிலேயே புள்ளியோ முக்காற்புள்ளியோ இருந்தால் அதற்கு முன் இரண்டு பின்சாய்வுக்கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளிக்குப் பின் வருவதைக் கிளாஸ் என்று ஜேக்வெரி நினைத்துக்கொள்ளும்.

ஏஎஸ்பி டாட்நெட்டில் செய்த பழைய தளங்களில் நீங்கள் வைத்த ஐடி வேறு, பக்கத்தில் வந்து நிற்கும் ஐடி வேறு. முன்னால் நீளமான ஒட்டு ஒன்று சேர்ந்திருக்கும். கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் பாருங்கள். ஐடி எப்படி முடிகிறது என்பதை வைத்துப் பிடிக்கும் செலக்டர், அதாவது சதுர அடைப்புக்குள் $= குறி போட்டு எழுதுவது, அங்கே கைகொடுக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஃபார்ம் ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள், இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நிறுவனத்தின் ஃபார்மைத் தன் பக்கத்தில் பதித்து வைத்திருந்தால் அதற்குள் இருக்கும் கட்டத்தை உங்கள் ஸ்கிரிப்ட் தொடவே முடியாது. பிரவுசர் விடாது. அங்கே நேரம் செலவழிக்காதீர்கள். அந்த ஃபார்ம் சேவையின் அமைப்புப் பக்கத்திலேயே நிபந்தனை வைக்கும் வசதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஃபார்மையே மாற்ற வேண்டும்.

### கன்சோலில் 1 வருகிறது, ஆனால் பக்கத்தில் வேலை செய்யவில்லை

ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டது. பக்கத்தின் தொடக்கமான ஹெட் பகுதியில் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் ஃபார்ம் பக்கத்தில் இன்னும் வந்திருக்காது. நீங்கள் கன்சோலில் கேட்கும்போது வந்துவிட்டது. பக்கம் தயாரானதும் ஓடும் ரெடி ஃபங்ஷனுக்குள் போடுங்கள், அல்லது ஸ்கிரிப்ட் வரியைப் பாடி முடியும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

### ஒன்று மட்டும் மறைகிறது, மற்றவை நிற்கின்றன

ஒரே ஐடியைப் பல கட்டங்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஐடி செலக்டர் முதலாவதை மட்டுமே தரும். கிளாஸாக மாற்றுங்கள்.

### எண்ணிக்கை சரி, ஆனாலும் மறையவில்லை

கன்சோலிலேயே கையால் ஹைட் போட்டுப் பாருங்கள். கையால் மறைகிறதென்றால் கோளாறு நிபந்தனையில். கட்டத்தின் மதிப்பைக் கேட்கும் வேல், டிராப்டவுனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தருவது எழுத்துச் சரம், எண் அல்ல. புதுச்சேரியின் மாநிலக் குறியீட்டை 34 என்ற எண்ணோடு மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. மேற்கோள் குறிக்குள் "34" என்று எழுதுங்கள். ரேடியோ பட்டன் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது: நேம் வைத்துப் பிடித்து வேல் கேட்டால் முதல் பட்டனின் மதிப்புதான் வரும், தேர்ந்தெடுத்ததன் மதிப்பு வராது. செலக்டரின் கடைசியில் :செக்டு சேர்க்க வேண்டும். செக்பாக்ஸை அட்டர் வைத்துச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2011இல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே அதற்கு உரியது, இப்போதைய நிலையைச் சொல்லும் பிராப்.

கையால் போட்டும் மறையாவிட்டால், பக்கத்தின் தோற்ற விதிகளான சிஎஸ்எஸ் தடுக்கிறது. ஆயத்தத் தோற்ற விதிகளின் தொகுப்பான பூட்ஸ்ட்ராப் வைத்த தளங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கட்டங்களை அடுக்கும் டி-ஃப்ளெக்ஸ் கிளாஸில், மற்ற விதிகளை மீறும் !இம்பார்ட்டன்ட் இருக்கிறது. ஹைட் எழுதும் ஸ்டைலில் அது இல்லை, ஆகவே ஹைட் தோற்றுப்போகும். மறுபக்கமும் அப்படித்தான். டி-நன் கிளாஸ் போட்டு மறைத்ததை, காட்டும் கட்டளையான ஷோ திறக்காது. அந்தக் கிளாஸைத்தான் எடுக்க வேண்டும். பூட்ஸ்ட்ராப் 4இல் டி-ஃப்ளெக்ஸும் டி-நன்னும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் டி-ஃப்ளெக்ஸ் வெல்லும், 5இல் டி-நன் வெல்லும். பதிப்பு மாற்றியதும் ஃபார்ம் வேறு மாதிரி நடந்துகொண்டதற்கு இதுவே காரணமாக இருந்ததுண்டு. பதிப்பைப் பற்றிக் கவலைப்படாத தீர்வு: டி-ஃப்ளெக்ஸை உள்ளே ஒரு டிவ்வுக்கு (கட்டங்களைச் சுற்றியிருக்கும் உறை) நகர்த்திவிட்டு, வெளி டிவ்வை மறையுங்கள்.

## அறிகுறி: கன்சோலில் சிவப்பு வரி

ஜேக்வெரியின் சுருக்கப் பெயரான டாலர் குறி வரையறுக்கப்படவில்லை என்று வந்தால், முதலில் ஜேக்வெரி கோப்பு வந்து சேர்ந்ததா என்று நெட்வொர்க் பகுதியில் பாருங்கள். 404 என்றால் பாதை தப்பு. வந்திருக்கிறது, ஆனால் உங்கள் ஸ்கிரிப்டுக்குப் பிறகு வந்திருக்கிறது என்றால் வரிசையை மாற்றுங்கள். தளம் வேர்ட்பிரஸ் என்றால் டாலர் குறி அங்கே விடுவிக்கப்பட்டிருக்கும். ஜேக்வெரி என்று முழுப்பெயரை எழுத வேண்டும்.

ஸ்லைட்அப் அல்லது ஃபேட்அவுட் ஒரு ஃபங்ஷனே இல்லை என்று வந்தால், ஏற்றியிருப்பது குறைக்கப்பட்ட ஸ்லிம் பதிப்பு. அதில் அசைவு விளைவுகளும், பக்கத்தை மாற்றாமல் சர்வரோடு பேசும் அஜாக்ஸும் கிடையாது. பூட்ஸ்ட்ராப் 4இன் மாதிரிப் பக்கத்தை நகலெடுத்தவர்களுக்கு அந்தப் பதிப்பு கூடவே வந்திருக்கும். முழுப் பதிப்பை ஏற்றினால் போதும்.

டிராப்டவுனுக்குப் புதுத் தோற்றம் தரும் பிளகினான (கூடுதல் ஸ்கிரிப்ட்) செலக்ட்2 ஒரு ஃபங்ஷன் இல்லை என்று வந்தால், ஜேக்வெரி இரண்டு முறை ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதோடு பிளகின் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வந்து டாலர் குறியைப் பிடுங்கிக்கொள்ளும். ஒன்றை நீக்குங்கள்.

## அறிகுறி: கட்டம் மறைகிறது, பெயர் மட்டும் நிற்கிறது

கட்டத்தை மறைத்தீர்கள், லேபிளை மறைக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாகத் துரத்தாமல், இரண்டையும் சுற்றியிருக்கும் டிவ்வுக்கு ஒரு கிளாஸ் கொடுத்து அதை மறையுங்கள். டேபிளில் வைத்த ஃபார்ம் என்றால் டிஆர், அதாவது டேபிளின் அந்த வரிசை, முழுவதையும். மறைத்த டிஆரை மறுபடி காட்டும்போது ஷோ போடுங்கள். டிஸ்பிளே பிளாக் என்று கையால் எழுதினால் வரிசை குலைந்து எல்லாம் முதல் பத்தியில் ஒண்டிக்கொள்ளும்.

செலக்ட்2 மாட்டிய டிராப்டவுன் மறையவே மறுக்கிறது என்றால் காரணம் இது: அசல் செலக்ட் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது அதன் பக்கத்தில் செலக்ட்2 கட்டிய இன்னொன்று. இங்கேயும் வெளி டிவ்வை மறைத்தால் சரி. மறைந்திருக்கும்போது செலக்ட்2 மாட்டியதால், திறந்த பிறகு அது குச்சி போல ஒடுங்கித் தெரிந்தால், விட்த் 100% என்று கொடுத்து மாட்டுங்கள்.

## அறிகுறி: "சார், புக் பண்ற பட்டன் செத்துப்போச்சு"

விடுதிக்காரர் இப்படித்தான் சொல்வார். பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்காது. இந்தியர்கள் பதிவு செய்யும்போது மட்டும் இது நடக்கிறது, வெளிநாட்டவருக்கு எல்லாம் சரி என்றால் இனித் தேட வேண்டியதில்லை.

பாஸ்போர்ட் எண் கட்டத்தில், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்னும் ரிக்கொயர்டு போட்டிருக்கிறார்கள். இந்தியர் என்று தேர்ந்தெடுத்ததும் கட்டம் மறைந்தது, ரிக்கொயர்டு மறையவில்லை. காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தைக் காட்டி எச்சரிக்க பிரவுசர் முயல்கிறது, காட்ட இடமில்லை. ஃபார்மையும் அனுப்பாமல், திரையிலும் எதுவும் சொல்லாமல் நின்றுவிடுகிறது. குரோமின் கன்சோலில் மட்டும், செல்லாத கட்டம் ஒன்றின் மேல் ஃபோகஸ் வைக்க முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும்.

மறைக்கும்போதே கட்டத்தை முடக்கும் டிசேபிள்டும் செய்யுங்கள், காட்டும்போது எடுத்துவிடுங்கள். டிசேபிள் ஆன கட்டத்தைப் பிரவுசர் சோதிக்காது. கட்டங்கள் நிறைய இருந்தால் அவற்றை ஒரு ஃபீல்டுசெட்டுக்குள் வைத்து, ஃபீல்டுசெட்டையே மறைத்து, அதையே டிசேபிள் செய்யலாம். உள்ளே இருப்பவை எல்லாம் சேர்ந்து முடங்கும். ஃபார்முக்கே நோவேலிடேட் போட்டுச் சோதனையை மொத்தமாக அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். பெயரும் கைபேசி எண்ணும் இல்லாத பதிவுகள் வந்து குவியும், அறை கேட்டவரைத் திரும்ப அழைக்க வழியே இருக்காது.

## அறிகுறி: திரையில் எல்லாம் சரி, வந்து சேர்ந்த தகவல் தப்பு

எனக்கு மிகவும் கவலை தரும் பழுது இது. மற்றவை பயனரைத் தடுத்து நிறுத்தும். இது யாரையும் நிறுத்தாது, மாதக் கடைசியில் கணக்கு பார்க்கும்போதுதான் தெரியும்.

ஆர்டர் ஃபார்மை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முதலில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுக்கிறார், சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் நிரம்புகின்றன. பிறகு நினைவு வந்து புதுச்சேரி என்று மாற்றுகிறார். அவை மறைகின்றன, ஐஜிஎஸ்டி வருகிறது. சப்மிட் செய்கிறார். சர்வருக்குப் போவது மூன்றும். ஹைட் கண்ணுக்கு மட்டும்தான் மறைக்கும். மறைந்த கட்டத்தின் மதிப்பு ஃபார்மோடு பயணம் செய்யும், மதிப்புகளைத் திரட்டும் சீரியலைஸ் எடுத்தாலும் அதில் வரும்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இது வெறும் பேச்சு இல்லை. அரை மணி, முக்கால் மணி நேர பஸ் தூரம்தான், ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் வேறு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. இங்கிருந்து அங்கே பதிவு பெற்ற வியாபாரிக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் 34தான். புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் அங்கே உள்ளூர் விற்பனைக்கு சிஜிஎஸ்டியோடு எஸ்ஜிஎஸ்டி வரும். சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கான யூடிஜிஎஸ்டி புதுச்சேரியில் கிடையாது. ஃபார்மில் அந்தப் பெயரில் ஒரு கட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது முன்பு சொன்னதேதான், மறைக்கும்போது டிசேபிள்டும். டிசேபிள் ஆன கட்டம் சர்வருக்குப் போகாது. மதிப்பை அழித்துவிடலாமே என்றால், அழிக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் கைதவறி மாற்றித் திரும்பி வந்தால் தட்டியதெல்லாம் போயிருக்கும். பாஸ்போர்ட் எண்ணைத் திரும்பத் தட்ட வைப்பது நல்லதில்லை. டிசேபிள் மட்டும் செய்தால் மதிப்பு பத்திரமாக இருக்கும், போகவும் போகாது.

மாற்ற விடக்கூடாது, ஆனால் சர்வருக்குப் போக வேண்டும் என்கிற தட்டச்சுக் கட்டத்துக்கு ரீட்ஒன்லி.

இங்கேயே ஆளைக் கூப்பிட வேண்டிய இடமும் வருகிறது. விலை, தள்ளுபடி, வரி விகிதம் இவற்றை மறைந்த கட்டத்தில் வைத்து, சர்வர் அதை அப்படியே நம்பி பில் போடுகிறது என்றால் ஜேக்வெரியில் தீர்வு இல்லை. இன்ஸ்பெக்ட் திறக்கத் தெரிந்த யாரும் அந்த மதிப்பை மாற்றி அனுப்பலாம். சர்வர் பக்கம் எழுதியவரைக் கூப்பிட்டு, வரியையும் விலையையும் அங்கேயே கணக்கிடச் சொல்லுங்கள். எந்த விற்பனைக்கு எந்த வரி என்பதை ஆடிட்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஸ்கிரிப்ட் எழுதுபவர் முடிவு செய்யக்கூடாது.

## அறிகுறி: மாற்றினால் சரி, பக்கம் திறந்தவுடன் தப்பு

மாற்றத்தின்போது மட்டும் ஓடும்படி எழுதியிருக்கிறார்கள். திறந்தவுடன் ஒருமுறை ஓடவில்லை. காட்டுவது மறைப்பது அனைத்தையும் ஒரே ஃபங்ஷனில் வைத்து, அதை மதிப்பு மாறும்போது எழும் சேஞ்ச் நிகழ்வுக்கும் கட்டுங்கள், ரெடியிலும் ஒருமுறை கூப்பிடுங்கள். ஸ்கிரிப்ட் வழியாக மதிப்பை மாற்றினாலும் சேஞ்ச் தானாக எழாது. அங்கேயும் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்.

பேக் பட்டன் அழுத்தித் திரும்பும்போது மட்டும் குழம்பினால், பிரவுசர் பழைய மதிப்புகளைத் தானே நிரப்பியிருக்கிறது. அதே ஃபங்ஷனை, பக்கம் திரையில் வரும்போதெல்லாம் எழும் பேஜ்ஷோ நிகழ்விலும் கூப்பிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் ரீலோடு செய்தாலும் பழைய மதிப்பையும், டிசேபிள் நிலையையும்கூட நினைவில் வைத்திருக்கும். ஆட்டோகம்ப்ளீட் ஆஃப் கொடுத்தால் விட்டுவிடும்.

திறக்கும்போது கட்டங்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தால் அவற்றைச் சிஎஸ்எஸ்ஸிலேயே மறைத்துத் தொடங்குங்கள்.

## அறிகுறி: சில ஊர்களுக்கு மட்டும் வேலை செய்யவில்லை

தமிழில் ஃபார்ம் செய்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கடலூர் மாவட்ட வட்டங்கள் டிராப்டவுனில் இருக்கின்றன. பண்ருட்டிக்கு வேலை செய்கிறது, காட்டுமன்னார்கோயிலுக்குச் செய்யவில்லை. கண்ணால் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து.

'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்றே சேர்வது ஒன்று. ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேர்வது மற்றொன்று. திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு சரங்களின் லெங்த்தையும் கேட்பது. ஒன்று கூடுதலாக இருந்தால் இதுதான். இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் மூலம் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடலாம்.

ஸ்ரீமுஷ்ணம் அதற்கும் அடங்காது. 'ஸ்ரீ'யை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். யூனிகோடுக்கு அவை வேறு வேறு எழுத்துகள், நார்மலைஸ் அவற்றைச் சேர்க்காது. லெங்த்தும் ஒன்றாகவே வரும். அந்த ஊரையே திருமுட்டம் என்று எழுதுபவர்களும் உண்டு. ஆகவே நான் எந்த ஃபார்மிலும் தமிழ்ப் பெயரை வேல்யூவாக வைக்க விடுவதில்லை. வேல்யூவில் ஒரு எண் அல்லது குறியீடு, பார்வைக்குத் தமிழ்.

பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தை முடிவு செய்யும் ஸ்கிரிப்டையும் இந்தப் பக்கம் நம்பக்கூடாது. புதுச்சேரி 605001, விழுப்புரம் 605602. கடலூர் 607001, ஆனால் புதுச்சேரி ஆட்சிக்குள் இருக்கும் பாகூர் பக்கமும் 607தான். மாஹே கேரளத்தின் 67 வரிசையிலும் ஏனாம் ஆந்திரத்தின் 53 வரிசையிலும் இருக்கின்றன. மாநிலத்தைத் தனிக் கட்டமாகக் கேளுங்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் முதல் இரண்டு இலக்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

## அறிகுறி: 'மேலும் சேர்' அழுத்தி வந்த வரிசையில் மட்டும் வேலை செய்யவில்லை

நிகழ்வைக் கட்டியபோது அந்த வரிசை இல்லை. எப்போதும் இருக்கும் வெளி டிவ்வில், நிகழ்வைக் கட்டும் கட்டளையான ஆன் போட்டு, இரண்டாவது இடத்தில் உள் செலக்டரைக் கொடுங்கள். இதற்குப் பழைய ஸ்கிரிப்ட்கள் லைவ் என்று எழுதியிருக்கும், 1.9இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. ஃபங்ஷனுக்குள்ளே ஐடியைத் தேடாமல், மாறிய கட்டத்திலிருந்து குளோசஸ்ட் மூலம் அதன் வரிசைக்கு ஏறி, அங்கிருந்து ஃபைண்டு மூலம் இறங்குங்கள். குளோன் செய்தால் ஐடியும் இரட்டிக்கும் என்பதால் ஐடி இங்கே உதவாது.

## அறிகுறி: ஐபோனில் மட்டும் டிராப்டவுனின் வரிகள் மறைவதில்லை

ஆப்ஷன் வரிகளை ஹைட் செய்வதை சஃபாரி மதிப்பதில்லை. வேண்டாத வரிகளை டிசேபிள் செய்யுங்கள். கண்ணிலும் படக்கூடாது என்றால் டிட்டாச் மூலம் கழற்றி வைத்துக்கொண்டு தேவைப்படும்போது திரும்பச் சேருங்கள்.

## அறிகுறி: ஜேக்வெரி பதிப்பை உயர்த்தியதும் பல இடங்களில் நின்றுவிட்டது

செலவு அதிகம் பிடிப்பது இது. உயர்த்தாமலே இருக்கவும் முடியாது. 2020 ஏப்ரலில் வந்த 3.5.0க்கு முந்தைய பதிப்புகளில், வெளியிலிருந்து வரும் எச்டிஎம்எல்லைப் பக்கத்தில் சேர்க்கும்போது தீய ஸ்கிரிப்ட் நுழையக்கூடிய ஓட்டை இருக்கிறது. பாஸ்போர்ட் எண் வாங்கும் ஃபார்மில் அதை விட்டுவைக்கக்கூடாது.

முதலில் தளத்தின் நகல் ஒன்றில் ஜேக்வெரி மைக்ரேட்டைச் சேர்த்து, கன்சோலில் வரும் எச்சரிக்கைகளைப் பாருங்கள். கைவிடப்பட்ட எந்த வசதியை ஸ்கிரிப்ட் இன்னும் பயன்படுத்துகிறது என்று அது சொல்லும். எச்சரிக்கைகள் எல்லாம் உங்கள் சொந்த ஸ்கிரிப்டில் என்றால் மேலே உள்ளவற்றை வைத்தே திருத்திவிடலாம். பிளகின்களுக்குள்ளிருந்து வந்தால், அல்லது பணம் செலுத்தும் பக்கம் அதே கோப்பைப் பயன்படுத்தினால், கை வைக்காமல் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் இவற்றைக் கொடுங்கள்: இப்போதைய ஜேக்வெரி பதிப்பு, எந்தத் தேர்வுக்குப் பிறகு எந்தக் கட்டம் தவறுகிறது, எந்த பிரவுசர், எந்த போன், கன்சோலின் சிவப்பு வரிகளின் ஸ்கிரீன்ஷாட்.